ஊசியிலைக் காடும் மலைநாட்டு எழுத்தும்

ஹந்தானை மலையைப் பற்றி எழுதப்படும் கவிதைகளையும், கல்லூரி மலர்களில் வெளிவரும் கட்டுரைகளையும் தொடர்ந்து படித்து வருவோருக்கு அவற்றிலுள்ள ஒரு வாடிக்கை புலப்படாமற் போகாது. முதலில் மலை வரும். பிறகு பனி வரும். பனியைக் கிழித்துக்கொண்டு வானளாவி நிற்கும் பைன் மரங்கள் வரும். அம்மரங்களின் அடியிலே, உலர்ந்த ஊசியிலைகள் விரித்த செம்பழுப்புக் கம்பளத்தின் மேல், காதலர் இருவர் அமர்ந்திருப்பர். இயற்கை அன்னை, எழிற்கோலம், பசுமைக் கன்னி ஆகிய சொற்கள் வரிசை தவறாது வந்து சேரும். கொடைக்கானற் பைன் தோப்புகளிற் படமாக்கப்பட்ட சினிமாப் பாடல்கள் நமது இளைஞரின் கண்களிற் பதித்துவிட்ட காட்சி இது. கண்டி நகரின் தென்புறத்தே அக்காட்சிக்கு ஒத்த இடமொன்று ஆயத்தமாக இருப்பதால், எழுதுகிறவர் அதிகம் சிரமப்பட வேண்டியதுமில்லை.

அந்தக் கம்பளம் எப்படி அவ்வளவு துப்புரவாகக் கிடக்கிறது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

இதே கண்டியில், தலதா மாளிகைக்குப் பின்னே, உடவத்தகலை வனம் இருக்கிறது. நூறு ஹெக்டயருக்குச் சற்று அதிகமான சிறு காடு, கண்டியரசர் காலத்திற் பொதுமக்கள் புகலாகாதென்று விலக்கி வைக்கப்பட்டிருந்தது, 1938இற் சரணாலயமாக்கப்பட்டது. அதன் பாதையை விட்டு நாலடி விலகி உட்கார நினைப்பவர் முதலிற் கொடிகளை விலக்க வேண்டும். பிறகு முட்களை விலக்க வேண்டும். அதன் பின்னர் அட்டைகளோடு ஓர் உடன்படிக்கைக்கு வரவேண்டும். காதற் காட்சிக்குச் சற்றும் பொருந்தாத இடம். உடவத்தகலையும் பழுதற்ற காடு அன்று. வெளியிலிருந்து கொணரப்பட்ட பேரு பல்சம் மரம் அங்கே பெருகி, சுதேசக் கன்றுகளை நெருக்கி வருவது அறிந்த செய்தியே. எனினும் அங்கே மேலே விதானமும், இடையே இளமரங்களும், கீழே செடி கொடி பன்னங்களும் இருக்கின்றன. ஹந்தானைப் பைன் தோப்பில் விதானம் மட்டுமே உண்டு. அடிநிலை இல்லை. மனிதன் வசதியாகச் சாய்ந்திருக்கும்படி ஒரு காட்டின் தரை அமைந்திருந்தால், அங்கே காட்டிற் பாதி காணாமற் போய்விட்டது என்பதே அதன் பொருள்.

'இது தாவரவியலார் கவலைப்பட வேண்டிய விஷயமல்லவா? இலக்கியச் சஞ்சிகையில் இதற்கென்ன இடம்?' என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. ஆனால் இயற்கை வருணனை என்பது கண்ணுக்கும் காட்சிக்கும் இடையே தற்செயலாக நிகழும் காரியமன்று. எந்த வர்க்கத்தின் கண், எந்த உயரத்தில் நின்று, எதைப் பார்க்கப் பழகியிருக்கிறது என்பதை வருணனை காட்டிக் கொடுத்துவிடும். துரை பங்களாவின் முன்றிலில் நின்று பார்ப்பவனுக்கு மலை முழுவதும் பச்சை. அதே சரிவில் குனிந்து சுள்ளி பொறுக்குகிறவளுக்கு அது வேறு. நமது எழுத்தாளரிற் பலர் எந்த முன்றிலில் நிற்கிறார்கள் என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

நமது மரபு இந்த விஷயத்தில் நம்மைவிட விழிப்பாக இருந்தது. ஐந்திணைப் பெயர்களை எடுத்துக்கொள்வோம். மருதமும் பாலையும் மரங்கள். குறிஞ்சியோ புதர்ச்செடி, முல்லை கொடி, நெய்தல் நீர்ப்பூ. மலையும் மலைசார்ந்த நிலமும் என்று வகுத்தவர்கள், அம்மலையில் வானத்தைத் தொட்டு நின்ற பெருமரம் எதனையும் அந்நிலத்துக்குப் பெயராகச் சூட்டவில்லை. இடுப்பளவு உயர்ந்து, பல்லாண்டுக்கு ஒருமுறை பூத்து மடியும் செடியொன்றின் பெயரைச் சூட்டினார்கள். கபிலரது குறிஞ்சிப்பாட்டிலே தொண்ணூற்றொன்பது பூக்கள் பெயர் சொல்லி அடுக்கப்படுகின்றன. அதனை வெறும் சொல்லடுக்கு என்று பள்ளிக்கூடத்திற் சலித்துக்கொண்டவர் உண்டு. ஆயின் தரையை உற்று நோக்கிப் பழகிய ஒரு சமுதாயத்தினாலன்றி அப்பட்டியல் சாத்தியமாகியிராது. திணை என்பது அழகிய பின்னணித் திரையன்று, ஒரு நிலத்து மக்களின் உற்பத்தி வாழ்வோடும், சமனற்ற சமூக வளர்ச்சியோடும் பிணைந்தது என்ற நோக்கைப் பேராதனையிற் பயின்ற கா. சிவத்தம்பி 1974இல் வெளியிட்ட ஆங்கிலக் கட்டுரையில் விரித்துரைத்தார். அந்தக் கட்டுரையைத் தேர்வுக்காகப் படித்து முடித்த மாணவரே, மறுநாள் ஹந்தானையைப் பற்றி எழுதுகையிற் பின்னணித் திரைக்கே திரும்பிவிடுகின்றனர்.

இலங்கை மலைகளின் சொந்தக் காட்டிலும் குறிஞ்சியின் இனத்தவை உண்டு. சிங்களத்தில் 'நெலு' என்பர். நீலகிரியிலும் பழனி மலையிலும் குறிஞ்சி பெரும்பாலும் வெட்டவெளிப் புல்வெளியில் விரியும். இங்கே அதன் உறவுச் செடிகள் காட்டு மரங்களின் அடியிலே நிழலில் வாழ்கின்றன. ஹோட்டன் சமவெளியின் மலைக்காடு உயரமானதன்று. காற்றினால் முறுகி, பாசியும் ஒட்டுச்செடிகளும் மூடிய குட்டை மரங்கள். அவற்றின் கீழ் நெலுப் புதர்கள், மரப் பன்னங்கள், ஈரம் கசியும் இலைச் சருகு. நெலுச் செடிகள் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இலையாகவே நின்று, பின்னர் ஒருசேரப் பூத்து, விதை உதிர்த்து, ஒருசேர மடிகின்றன. 2013இல் அவ்வாறு பூத்தபோது பார்க்கத் திரண்ட கூட்டம் பலருக்கு நினைவிருக்கும். விதை உதிருங்காலத்திற் காட்டுக்கோழிகள் வந்து கூடும். செடிகள் மடிந்ததும் தரையில் ஒளி விழும். அதுவரை காத்திருந்த மரக்கன்றுகள் தலையெடுக்கும். ஆக, அடிநிலைச் செடி என்பது பெருமரத்தின் காலடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் உதிரியன்று. அடுத்த தலைமுறைக் காடு எப்போது, எப்படி எழவேண்டும் என்பதில் அதற்குப் பெரும் பங்குண்டு.

இலங்கையின் இயற்கைக் காடுகளில் ஊசியிலை மரம் ஒன்றுகூட இல்லை. நாம் காணும் பைனும் சைப்பிரசும், பேராதனைப் பூந்தோட்டத்தில் வளைந்து நிற்கும் குக் பைனும் எல்லாம் வந்தவையே. இமயத்தையும் சைபீரியாவையும் படத்திற் பார்த்துவிட்டு, மலை என்றால் ஊசியிலை என்று முடிவுகட்டிக்கொண்ட கண்ணுக்கு இது வியப்பாக இருக்கலாம். வியப்பு அதோடு நிற்கவில்லை. கண்டிச் சீமையின் இருநூறாண்டுப் பொருளாதாரத்தையே அடிநிலைத் தாவரங்களின் கதையாகச் சொல்லிவிடலாம். எனக்குத் தெரிந்தவரை நமது வரலாற்றாசிரியர் அவ்வாறு சொன்னதில்லை.

கோப்பியை எண்ணிப் பாருங்கள். எத்தியோப்பிய மலைக்காடுகளில் அது உயர்ந்த மரங்களின் நிழலில் வளரும் சிறு மரம். 1820களிற் கம்பளைப் பகுதியிலும் கன்னொறுவையிலும் வெள்ளையர் அதனை நடத் தொடங்கினர். 1840இன் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காடும் தரிசும் அரசுக்குரியவை என்று வைத்துக்கொள்ள வழிவகுத்தது. அதன் பின்னர் மலைக்காடு மலிந்த சரக்காயிற்று. சரிவின் கீழிருந்து மேல்நோக்கி மரங்களைப் பாதியளவு வெட்டி நிறுத்தி, உச்சியில் நின்றவற்றை வீழ்த்துவர். அவை சாய்ந்த வேகத்தில் முழுச் சரிவும் ஒரே முழக்கத்தோடு சரியும். பிறகு தீ. நிழலிற் பிறந்த செடி வெயிலில் வரிசை வரிசையாக நிறுத்தப்பட்டது. 1869இல் இலைத்துரு நோய் காணப்பட்டபோது, இரண்டரை இலட்சம் ஏக்கரை நோக்கி விரிந்துகொண்டிருந்த ஒரே பயிர் அந்நோய்க்கு விருந்தாயிற்று. மாத்தளைப் பாதை வழியே நடந்து வந்து, வழியிலே மாண்டவர் போக எஞ்சிய நமது முன்னோர், முதலில் இறக்கிவிடப்பட்டது இக்கோப்பித் தோட்டங்களிலேதான்.

தேயிலையின் கதையும் வேறன்று. யுனானிலும் அசாமிலும் அது காட்டு மரங்களினிடையே வளரும் சிறு மரம். 1867இல் கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் அதனை நட்டார். நெஞ்சளவுக்கு மேல் வளரவிடாது கவ்வாத்து வெட்டி வெட்டி, மலை முழுதும் விரித்த மேசையாக்கினார்கள். ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காட்டையாவது விட்டு வையுங்கள் என்று 1873இல் தாவரவியலார் ஹூக்கர் கூறிய ஆலோசனையினாலேயே உச்சிகளில் இன்று ஏதோ மிஞ்சியிருக்கிறது. நக்கிள்ஸ் மலைத்தொடரில் நடந்தது இன்னொரு வகை. அங்கே பெருமரங்களை நிற்க வைத்து, அடிநிலையை மட்டும் வழித்தெடுத்து, ஏலம் நட்டனர். தூரத்திலிருந்து பார்த்தாற் காடு; உள்ளே போனால் தோட்டம். முதிய மரங்களின் இடத்தை நிரப்பக் கன்றுகள் இல்லை. ஏலம் உலர்த்தும் சூளைக்கு விறகும் அதே காட்டிலிருந்துதான். 2000ஆம் ஆண்டில் அம்மலைத்தொடர் பேணற்காடாகப் பிரகடனம் செய்யப்பட்டது. ஏலக்காய் பறித்துப் பிழைத்தவருக்கு வேறு பிழைப்பு என்ன என்ற கேள்வி, வழக்கம்போல, பிரகடனத்துக்கு வெளியே நின்றது.

கோப்பியிலும் தேயிலையிலும் விதானத்தை நீக்கி அடிநிலைச் செடியை வெயிலில் நிறுத்தினார்கள். பைன் தோப்பில் அதற்கு நேர்மாறாக, அடிநிலையே இல்லாத விதானத்தை நிறுத்தினார்கள். இரண்டையும் செய்தது இலாபக் கணக்கும் நிருவாகக் கணக்கும் சேர்ந்த ஒரே மூளை.

1970களிலும் 1980களிலும் கரீபியன் பைன் மலைநாட்டில் மளமளவென்று நடப்பட்டதற்குக் காரணம் இல்லாமலில்லை. மண் தேய்ந்து, தேயிலை கைவிடப்பட்டு, மானாப்புல் மூடிய சரிவுகள் பரந்து கிடந்தன. துரித மகாவலித் திட்டம் தொடங்கிவிட்டது. பொல்கொல்லை அணைக்கட்டு 1976இல் முடிந்தது, விக்டோரியாவும் கொத்மலையும் 1985இல் வந்தன, ரந்தெனிகலை 1986இல். சரிவுகளின் மண் அரித்துச் சென்று இந்நீர்த்தேக்கங்களை நிரப்பிவிடாதிருக்க மேல்மகாவலி நீரேந்து பிரதேசத்தை விரைவில் மரத்தால் மூட வேண்டும் என்ற அவசரம் ஏற்பட்டது. வேறெந்தக் கன்றும் பிழைக்காத வறண்ட, அமிலம் ஏறிய மண்ணிற் பைன் பிழைத்தது; விரைவாகவும் வளர்ந்தது; தீயையும் ஓரளவு தாங்கியது. வெளிநாட்டு உதவியும் கிடைத்தது. 'இத்தனை ஏக்கரில் மரம் நடப்பட்டது' என்று ஆண்டறிக்கையில் எழுத முடிந்தது. அறிக்கை எழுதியவரைக் கயவர் என்று நான் கூறவில்லை. அவர்கள் மேலிருந்து எண்ணினார்கள். மேலிருந்து எண்ணினால் மரம் மட்டுமே எண்ணிக்கையில் அகப்படும்.

ஆயின் மண்ணைக் காப்பது விதானமன்று. உயர்ந்த மரத்தின் இலைநுனியிற் சேர்ந்து திரண்டு விழும் மழைத்துளி, வானத்திலிருந்து நேரே விழும் துளியைவிடப் பருத்தது. அதன் அடியை ஏந்திக்கொள்ளத் தரையிற் செடியும் சருகும் இருந்தால் மண் தப்பும். அவை இல்லையெனின் மரத்தின் கீழேயே மண் அரிக்கும். பைன் தோப்பிற் சருகு மெத்தை தடிப்பாகத்தான் இருக்கிறது. பிசினும் மெழுகும் ஊறிய அந்த ஊசிகள் எளிதில் மக்குவதில்லை. காற்றில் வந்து விழும் சிறுவிதை மெத்தையின் மேலே கிடந்து காய்ந்துவிடும். அதன் வேர் மண்ணை எட்டுவதில்லை. பழம் தரும் மரம் இன்மையால் குக்குறுவானும் கொண்டைக்குருவியும் அங்கே தங்குவதில்லை. அவை தங்காமையால் அவற்றின் வயிற்றிலேறி வரும் காட்டு விதைகளும் வந்து சேர்வதில்லை. பைனின் நிழல் அவ்வளவு அடர்த்தியானதன்று என்பதை நின்று பார்ப்பவர் உணரலாம். ஒளி தாராளமாகவே இறங்குகிறது. குறைவது ஒளியன்று, விதையும் தருணமும்.

பிறகு வரட்சிக் காலம். தீப்பெட்டியிலிருந்து ஒரு குச்சி போதும். வேட்டைக்காக வைத்தார்களா, மாட்டுக்குப் புதுப்புல் முளைக்க வைத்தார்களா, வேடிக்கைக்கு வைத்தார்களா என்று ஆண்டுதோறும் விசாரணை நடக்கும். எண்ணெய் ஊறிய மெத்தை எரிந்து போகும். தடித்த பட்டையுடைய முதிர்ந்த பைன் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். மானாப்புல் வேரிலிருந்து மீண்டும் தளிர்க்கும். எப்படியோ தலையெடுத்திருந்த நாலைந்து காட்டுக் கன்றுகள் மட்டும் கருகிவிடும். தொடர்ந்து வரும் முதல் மழையில், காக்கப்பட வேண்டிய மண் ஓடையை நோக்கி இறங்கும்.

இதிலிருந்து ஊசியிலை மரம் எங்குமே மலடு என்று முடிவு செய்தல் அறியாமை. வடபுலத்து நாடுகளின் பைன், ஸ்புரூஸ் காடுகளின் தரையிற் பாசியும் கற்பாசியும் பெர்ரிப் புதர்களும் மண்டிக் கிடக்கின்றன; ஏழை மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே பழமும் காளானும் பொறுக்கி உண்டிருக்கிறார்கள். கீழ்த்திசை இமயத்தின் பர் மரக்காடுகளின் கீழே ரோடோடென்றன் புதர்கள் மலையையே சிவக்க வைக்கின்றன. கரீபியன் பைனும் தன் பிறப்பிடமான கியூபாவிலும் ஹொண்டுராசிலும் நிக்கரகுவாவிலும் புல்லோடும் சிறு பனைகளோடும், இடையிடையே வரும் தீயோடும் உடன்பாடு கொண்டு வாழ்கிறது. அதன் ஊசியைத் தின்னும் பூச்சி, அதை மக்கச் செய்யும் பங்கசு, அதன் கீழே முளைக்கப் பழகிய செடி எல்லாம் அங்கே உண்டு. வெப்பநாடுகளுக்குப் பைனைக் கொண்டுபோனவர்கள் முதலிற் பல இடங்களிலே தோற்றார்கள். வேரோடு கூடி வாழும் பங்கசு புதிய மண்ணில் இல்லாமையே காரணம். வேறொரு பைன் தோப்பின் மண்ணை அள்ளி வந்து நாற்றுமேடையில் இட்ட பிறகே கன்று எழுந்தது. மரம் வளர இன்றியமையாத அந்த ஒரு துணையை மட்டும் வரவழைத்தார்கள். அதன் சுற்றத்தார் எல்லாரும் கடலுக்கு அப்பாலேயே நின்றுவிட்டனர். தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கதையை அறிந்தவருக்கு இந்த முறை புதிதன்று.

குமாவோன் மலைவாசிகளின் அனுபவம் நமக்கு மிகவும் பொருந்தும். அங்கே சீர் பைன் வந்தேறியன்று, அந்த மலைக்கே உரியது. ஆயினும் ஆங்கில ஆட்சியின் வனத்திணைக்களம் புகையிரதத் தண்டவாளக் கட்டைக்காகவும் பிசினுக்காகவும் சீர் பைனையே பேணியது; மாட்டுக்குத் தழையும் வயலுக்கு எருவும் ஊற்றுக்கு நீரும் தந்த பாஞ்ச் ஓக் மரத்தைப் புறக்கணித்தது. 1921இல் மக்கள் அரசின் பைன் காடுகளுக்குத் தீயிட்டனர். அரசு அதனைக் குற்றம் என்றது. மக்கள் தம் அடிநிலத்தைக் கேட்டார்கள். 1973இற் சமோலி மாவட்டத்தில் எழுந்த சிப்கோ இயக்கத்தில், அடுத்த ஆண்டு ரேணி கிராமத்தின் கௌரா தேவியும் ஏனைய பெண்களும் மரங்களுக்குக் காவல் நின்றபோது, அந்தப் பழைய வழக்கே மீண்டும் உயிர்பெற்றது. மரம் உள்நாட்டதா வெளிநாட்டதா என்பதன்று அங்கே வழக்கு. காடு யாருடைய தேவைக்கு என்பதே.

ஹந்தானைச் சரிவில் விறகு சுமந்து வந்த ஒரு தோட்டத்துப் பெண்ணிடம் இதைப் பற்றி ஒருமுறை பேச்சுக் கொடுத்தேன். தலைச்சுமையை இறக்காமலே சொன்னார்: "இந்த மரத்துக்கடியில ஒரு கீரை மொளைக்குமாங்க மாஸ்டர்? வெறகுன்னு எடுத்தாலும் சட்டியெல்லாம் கரி புடிச்சுப் போகுது. தேயில மலைக்குள்ளயாவது வல்லாரை கெடைக்கும்." எத்தனையோ அறிக்கைகளில் நான் காணாத திட்ட மதிப்பீடு இந்த மூன்று வாக்கியங்களில் இருந்தது.

இனி நமது இலக்கியத்துக்கு வருவோம். தோட்டத் தொழிலாளர் வாழ்வை எழுதியவர்கள் அடிநிலையைக் காணாதவர்கள் என்று எவரும் சொல்ல முடியாது. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' தேயிலைப் பச்சையின் கீழே கிடந்த இழிவைத் தமிழகத்து வாசகருக்கு அந்தக் காலத்திலேயே காட்டியது. சி. வி. வேலுப்பிள்ளை தேயிலைச் செடியின் அடியிற் கல்லறையுமின்றிப் புதைந்து கிடக்கும் மக்களைப் பாடினார். கோகிலம் சுப்பையா 1964இல் வெளிவந்த தம் நாவலுக்குத் 'தூரத்துப் பச்சை' என்று பெயரிட்டார். நான் இவ்வளவு பக்கத்திற் சொல்ல முயல்வதை அந்தத் தலைப்பு இரண்டு சொற்களிற் சொல்லிவிடுகிறது. என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' கொழுந்து மலையின் உள்ளே நின்று எழுதப்பட்டது, பங்களா முன்றிலிலிருந்து அன்று.

குறை என்னவென்றால், இந்தக் கூர்மை தேயிலை எல்லையோடு நின்றுவிடுகிறது. எல்லைக்கு அப்பால் உள்ள காடும் கைவிடப்பட்ட தோட்டமும் பைன் தோப்பும் கதைக்குள் வரும்போது, அதே எழுத்தாளரின் மொழி சட்டென்று மாறி அலங்காரமாகிவிடுகிறது. கொழுந்துக்கூடையின் கனத்தை அறிந்த பேனா, விறகுக்கட்டின் கனத்தை அறியவில்லை. லயத்து அடுப்பு எந்த மரத்தால் எரிகிறது, பீலித் தண்ணீர் எந்த ஓடையிலிருந்து வருகிறது, மேலே காடு மாறியபோது அந்த ஓடைக்கு என்னவாயிற்று என்பவை நமது நாவல்களில் அருமையாகவே எழுகின்றன. புல்வெளியை அகற்றிப் பைன் போன்ற விரைவளர் மரங்களை நெருக்கி நட்டால் ஓடையில் நீர் குறையும் என்பதைத் தென்னாபிரிக்காவின் நீரேந்து பரிசோதனைகள் பல்லாண்டு அளந்து காட்டியுள்ளன. கைவிடப்பட்ட தேயிலைச் சரிவு ஒவ்வொன்றுக்கும் அந்தக் கணக்கை அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் பீலியடியிற் குடத்தோடு காத்து நிற்பவளுக்கு இது கற்பனைப் பிரச்சினையன்று.

அலங்காரத்தைவிடக் கேடான ஒன்று அண்மைக் காலத்திற் புகுந்திருக்கிறது. பைன் மரத்தை 'அந்நியன்', 'வந்தேறி', 'மண்ணை உறிஞ்சும் பகைவன்' என்று வசைபாடி, அதனை வேரோடு பிடுங்கி எறியச் சொல்லும் பேச்சும் எழுத்தும் சிங்களத்திலும் உண்டு, தமிழிலும் உண்டு. சூழற் பற்று என்ற பெயரில் இது மேடையேறுகிறது. இந்த நாட்டில் 'அந்நியன்' என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு என்பதைத் தமிழில் எழுதுகிறவரேனும் மறக்கலாகாது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அச்சொல்லைக் கொண்டுதான் இந்த மலைகளை உருவாக்கிய மக்களை நாடற்றவராக்கிற்று. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இலட்சக் கணக்கிற் பங்கு பிரித்தது. ஐந்தேகால் இலட்சம் பேர் அங்கே, மூன்று இலட்சம் பேர் இங்கே, மீதியைப் பிறகு பார்ப்போம் என்று. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அந்தக் கணக்கு முற்றாகத் தீரவில்லை. கப்பலேற்றப்பட்டவருக்கு வேலை கொடுக்கவென்று 1968இல் தமிழ்நாட்டரசு நீலகிரியிலே தேயிலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. வனத்துறையின் காட்டு நிலம் தேயிலையாயிற்று. கண்டி மலையிற் காட்டை அழிக்கக் கொணரப்பட்டவரின் பேரப்பிள்ளைகள், கண்டியிலிருந்து துரத்தப்பட்டு, இன்னொரு மலையின் காட்டு நிலத்திலே தேயிலை நட்டார்கள். மரத்தை வந்தேறி என்று திட்டும்போது கைத்தட்டுகிற கூட்டம், அடுத்த வாக்கியத்தில் யாரைத் திட்டினாலும் கைத்தட்டும்.

இதற்கு மறுதலையாக, 'பைன் மரமும் எங்களைப் போல நாடு கடத்தி வரப்பட்ட அகதி' என்று உருகும் கவிதையும் உண்டு. அனுதாபம் நல்லது. ஆனாலும் அந்த உவமை பொய். தொழிலாளி இந்த மண்ணில் ஒரு சமுதாயத்தைக் கட்டினான். மொழியையும் கூத்தையும் கோயிலையும் தொழிற்சங்கத்தையும் கொண்டுவந்து வேரூன்றினான். பைன் தன் சுற்றம் எதையும் இங்கே கட்டவில்லை. அதனைக் கட்டவிடும் எண்ணமும் நட்டவர்களுக்கு இருக்கவில்லை. மரத்தை மனிதனாக்கி அழுவதும் மனிதனை மரமாக்கித் திட்டுவதும் ஒரே சோம்பலின் இரு முகங்கள். யதார்த்தவாதம் கோருவது அதனைவிடக் கடினமான வேலை. எந்த ஆண்டில், எந்த உத்தரவால், யாருடைய காணியில் இது நடப்பட்டது? இதன் பிசினை எடுக்கும் குத்தகை யாருக்கு? இதன் கீழே முன்பு என்ன முளைத்தது, அதை யார் எடுத்துச் சென்றார்கள்? இவற்றை விசாரித்து எழுதிய ஒரு சிறுகதை, எழிற்கோலம் பாடிய நூறு கவிதைகளை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

விஞ்ஞானிகள் இந்த விசாரணையில் நம்மை முந்திவிட்டனர். பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்களான நிமல் குணதிலக்கவும் சாவித்திரி குணதிலக்கவும், அமெரிக்க வனவியலார் மார்க் அஷ்டனும், மற்றும் ஒருவரும் சேர்ந்து 1997இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சிங்கராஜ வனத்தின் ஓரத்திலே நடப்பட்டிருந்த கரீபியன் பைன் தோப்பினுள் சுதேச மழைக்காட்டு மரங்களின் கன்றுகளை நட்டுப் பார்த்தனர். தோப்பை முற்றாக மூடியபடி விட்ட இடமும் இருந்தது. ஒரு வரிசைப் பைனை அகற்றிய இடமும், மூன்று வரிசைகளை அகற்றிய இடமும் இருந்தன. மூன்று வரிசை அகற்றிய இடைவெளியில் அக்கன்றுகள் பொதுவாக மிக நன்றாக வளர்ந்தன. வந்த மரம், உள்ளூர்க் கன்றுக்குச் செவிலியாக நிற்க முடிந்தது; ஒதுங்கி இடம் விடவும் யாரோ அதற்கு உதவ வேண்டியிருந்தது. பிடுங்கி எறிந்திருந்தால் அந்த இளங்கன்றுகள் வெட்டவெளி வெயிலில் நின்றிருக்கும். பிடிவாதமாக முழுத் தோப்பையும் காத்திருந்தால் அடியிலே குன்றி நின்றிருக்கும்.

சிங்கராஜத்தின் ஈரமும் அதன் பக்கத்துக் காட்டின் விதை வளமும் ஹந்தானைக்கு இல்லை. இங்கே தீ அடிக்கடி வருகிறது. தாய்க்காடு தூரத்தில் இருக்கிறது. 2010இல் ஹந்தானைத் தொடர் சுற்றாடற் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. இங்கேயும் மூன்று வரிசையை அகற்றத் துணிவார்களானால், வெட்டிய மரம் எந்த ஒப்பந்தகாரருக்குப் போகும், கன்று நடும் கூலி எவ்வளவு, கன்றுகளைத் தீயிலிருந்து காக்கும் வேலை லயத்து இளைஞருக்கும் கீழேயுள்ள சிங்களக் கிராமத்து இளைஞருக்கும் சேர்த்துக் கிடைக்குமா, வெட்டிய கிளைகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு போகிற பெண்ணைக் காவலாளி வழிமறிப்பானா என்பவை ஆய்வுக் கட்டுரையின் அட்டவணைகளில் இடம்பெறும் விவரங்கள் அல்ல.